முட்டிச் சில்லு மேல் வீக்கம்: மண்டியிட்டு வேலை செய்பவர்கள் கேட்கும் கேள்விகள்

சேலத்தில் சின்னதாக ஒரு பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு யாராவது வராத நாள் கிடையாது. வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்பே நோயின் பெயரையும் சொல்லிவிடுவார்கள்: "ஜவ்வு போயிடுச்சுங்க", இல்லாவிட்டால் "தேய்மானம் ஆரம்பிச்சிருச்சுங்க." சிலருக்கு அது உண்மைதான். ஆனால் டைல்ஸ் ஒட்டுகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகும் அக்காக்கள், ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலை செய்பவர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. இவர்களில் பலருக்கு மூட்டு நன்றாகவே இருக்கும். மூட்டுக்கு வெளியே, தோலுக்கு அடியில் இருக்கும் ஒரு சின்னப் பைதான் வீங்கியிருக்கும். அவர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன்.

"முட்டிச் சில்லு மேல உருண்டையா வீங்கியிருக்கு. அமுக்கினா தண்ணிப் பை மாதிரி இருக்கு. என்னங்க இது?"

வீங்காத முட்டியை நீட்டி, முன்பக்கத் தோலை இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பாருங்கள். எலும்பின் மேல் வழுக்கிக்கொண்டு நகரும். அப்படி வழுக்க வேண்டுமென்றால் நடுவில் ஏதாவது இருக்க வேண்டுமே. தோலுக்கும் முட்டிச் சில்லுக்கும் இடையில் மெல்லிய பை ஒன்று இருக்கிறது. அதற்குள் வழவழப்பான திரவம், சில துளிகள் மட்டும். எண்ணெய் தடவிய இரண்டு வாழையிலைத் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவுவதைப் போல அதன் இரண்டு சுவர்களும் நழுவும். இதற்குப் பர்சா என்று பெயர். ஒவ்வொரு முழங்காலைச் சுற்றியும் இப்படி ஏறக்குறைய 11 பைகள் உண்டு.

பை நலமாக இருக்கும்வரை கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தட்டுப்படாது. தொடர்ந்து அழுத்தமும் உராய்வும் பட்டால் அதன் உள்சுவர் புண்பட்டுத் தடித்து, தேவைக்கு மேல் நீரைச் சுரக்கிறது. எலுமிச்சை அளவில் தெரிய ஆரம்பிக்கும். கவனிக்காமல் விட்டவர்களிடம் ஏற்காட்டு ஆரஞ்சு அளவுக்கும் பார்த்திருக்கிறேன். இதுதான் பர்சைட்டிஸ்.

இங்கிலீஷில் இதற்கு இன்னொரு பெயர் 'ஹவுஸ்மெய்ட்ஸ் நீ', அதாவது வேலைக்காரி முட்டி. சற்றுக் கீழே, சில்லுக்கும் கால் எலும்புக்கும் நடுவில் வீங்கினால் பாதிரியார் முட்டி. நோய்க்குத் தன் பெயரை வைத்தார்களே, அந்த வேலைக்காரப் பெண் அதை என்ன சொல்லி அழைத்தாள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. நம் ஊரில் "முட்டி காப்புக் காய்ச்சிப் போச்சு" என்பார்கள். காய்ப்பு தோலில் வருவது. பை வீங்குவது அதற்கு அடியில் நடப்பது. இரண்டும் ஒரே முட்டியில் சேர்ந்து இருப்பது சகஜம்.

"ஜவ்வு கிழியலைன்னு எப்படிச் சொல்றீங்க? தேய்மானமா இருந்தா?"

ஒரு டைல்ஸ்காரர் எம்ஆர்ஐ படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். படத்தை அப்புறம் பார்க்கலாம் என்று அவருடைய பேண்ட்டைப் பார்த்தேன். வலது முட்டியில் துணி வெளுத்து, நூல் பிரிந்து, சிமெண்ட் படிந்து கிடந்தது. இடது முட்டியில் துணி புதுசு மாதிரி இருந்தது. வீக்கமும் வலது முட்டியில்தான். இடது பாதத்தை ஊன்றி, வலது முட்டியைத் தரையில் போட்டு வேலை செய்கிறவர் அவர். படமும் அதையேதான் சொன்னது: மூட்டுக்குள் கோளாறு இல்லை, சில்லுக்கு முன்னால் நீர்.

நீங்களே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். பை வீங்கியிருந்தால் வீக்கம் முன்பக்கத்தில், சில்லின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அடியில் இருக்கும் சில்லின் விளிம்பு கைக்குச் சரியாகப் பிடிபடாது. காலை முழுவதும் நீட்ட முடியும். மடக்கவும் முடியும், கடைசிக் கொஞ்சம் மடக்கும்போது தோல் இழுத்து வலிக்கும். சமதரையில் நடப்பதில் பெரிய சிரமம் இருக்காது. முட்டியைத் தரையில் வைத்தால்தான் உயிர் போகும். காரணம் எளிது: இந்தப் பைக்கும் மூட்டின் உள்ளறைக்கும் இடையே வழி கிடையாது. தனி அறை, தனிக் கதவு.

மூட்டுக்குள்ளேயே நீர் கோத்திருந்தால் சில்லின் இரண்டு பக்கக் குழிகளும் மறைந்து, சில்லுக்கு மேலேயும் உப்பி, முட்டி முழுவதும் பருத்துத் தெரியும். மடக்க ஆரம்பித்ததுமே வலிக்கும். கால் ஊன்றியபடி உடம்பு திரும்பியதில் சடக்கென்று ஏதோ ஆகி, அதிலிருந்து முட்டி அடிக்கடி பூட்டிக்கொள்கிறது என்றால் ஜவ்வைச் சந்தேகிக்கலாம். ஐம்பதைத் தாண்டியவர், படி இறங்கும்போது வலி, காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் விறைப்பு, மடக்கினால் கரகர சத்தம்: இது தேய்மானத்தின் பக்கம். முட்டிக்குப் பின்னால் குழியில் உருண்டை வந்தால் அது வேறு விஷயம், பேக்கர்ஸ் சிஸ்ட். அது பெரும்பாலும் மூட்டுக்குள் இருக்கும் பிரச்சினையின் வெளிப்பாடு.

முட்டியின் உள்பக்கம், மூட்டுக் கோட்டிலிருந்து இரண்டு அங்குலம் கீழே தொட்டால் வலிக்கிறது என்று வரும் அம்மாக்களும் உண்டு. அங்கேயும் ஒரு பர்சா இருக்கிறது. அதில் மண்டியிடுவதன் பங்கு குறைவு. உடல் எடை, சர்க்கரை, மூட்டுத் தேய்மானம் ஆகியவற்றின் பங்கு அதிகம்.

"ஊர்ல எல்லாரும்தான் முட்டி போடுறாங்க. எனக்கு மட்டும் ஏன் வருது?"

நிற்கும்போது எடை உள்ளங்காலில் இறங்குகிறது. அங்கே தடித்த தோலும் அதன் கீழே கொழுப்பு மெத்தையும் இருக்கின்றன. முட்டிக்கு முன்னால் அந்த வசதி இல்லை. தோல், பை, எலும்பு, அவ்வளவுதான். மண்டியிட்டதும் உள்ளங்கை அகலம்கூட இல்லாத இடத்தில் எடை இறங்குகிறது. போதாததற்கு, ஆளும் சும்மா இருப்பதில்லை. தரை துடைக்கும் கை முன்னும் பின்னும் போகும்போது தோல் தரையோடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் உள்ளே நகர்கிறது. அம்மிக்கும் குழவிக்கும் நடுவில் மாட்டியதுபோல அரைபடுவது பைதான்.

எந்த இடம் வீங்கும் என்பதையும் இதை வைத்தே சொல்லிவிடலாம். முன்னால் சாய்ந்து கை ஊன்றி வேலை செய்தால் எடை சில்லின் மேல் விழும். நிமிர்ந்து முழந்தாளிட்டால் சில்லுக்குக் கீழே, கால் எலும்பின் மேட்டில் விழும். வேலைக்காரி முட்டியும் பாதிரியார் முட்டியும் வேறு வேறு இடமானது இப்படித்தான்.

உங்களுக்கு மட்டும் ஏன் என்றால்: எத்தனை மணி நேரம், எவ்வளவு கடினமான தரை, இடையில் எழுந்தீர்களா, எப்போதும் ஒரே முட்டியா என்ற கணக்குத்தான். வண்டியிலிருந்து முட்டி குத்தி விழுந்தாலும் ஒரே நாளில் பைக்குள் ரத்தம் கசிந்து வீங்கலாம். யூரிக் ஆசிட் அதிகம் உள்ளவர்களுக்கும் முடக்குவாதம் உள்ளவர்களுக்கும் மண்டியிடாமலேயே வரலாம். இரண்டு மூன்று முறை திரும்ப வந்தால் டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதுவது அதற்காகத்தான்.

"எந்தெந்த வேலைக்காரங்களுக்கு அதிகம் வருது?"

என் அனுபவத்தில் முதலிடம் டைல்ஸ் ஒட்டுகிறவர்களுக்கு. முன்பெல்லாம் ரெட் ஆக்சைடு தரை போட்ட வீடுகள். இன்று ஒவ்வொரு வீட்டிலும் சமையலறை, குளியலறை, மாடி என்று எல்லா இடத்திலும் டைல்ஸ். தளம் சமப்படுத்துவது, ஒட்டுவது, ரப்பர் சுத்தியலால் தட்டுவது, இடுக்கில் ஒயிட் சிமெண்ட் பூசித் துடைப்பது என எல்லாமே முட்டியில் நின்று செய்யும் வேலை. டைல்ஸ் பெட்டியின் அட்டையை மடித்து முட்டிக்கு அடியில் போட்டுக்கொள்வார்கள். அரை மணி நேரத்தில் அது அப்பளமாகிவிடும். ஆனாலும் மாலைவரை அதே அட்டைதான்.

அடுத்து வீட்டு வேலை செய்பவர்கள். ஒரே வீடு என்றால் பரவாயில்லை, நாலு வீடு போகிறவர்களுக்கு நாலு வீட்டுத் தரையும் ஒரே முட்டியில்தான் விழுகிறது. பிளம்பர், எலக்ட்ரீஷியன், கார்பென்டர், டூ வீலர் மெக்கானிக் என்று பட்டியல் நீளும்.

ஏற்காடு கதை கொஞ்சம் வேறு. சேர்வராயன் மலையில் 1820களிலிருந்து காப்பி இருக்கிறது, அப்போதைய சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்தது. காப்பிப் பழத்தை நின்றுதான் பறிப்பார்கள், அதில் முட்டிக்கு வேலையில்லை. முட்டி தரைக்கு வருவது சிந்திய பழத்தைப் பொறுக்கும்போதும், களை எடுக்கும்போதும், நாற்று நடும்போதும். சரிவில் வேலை செய்கிறவர் மேட்டுப் பக்கத்து முட்டியை மண்ணில் அழுத்தி, பள்ளத்துப் பக்கத்துக் காலை ஊன்றிக்கொள்வார். அதனால் வீங்குவதும் மேட்டுப் பக்கத்து முட்டிதான். ஒரு அம்மாவிடம் "நீங்க எப்பவும் வலது பக்கம்தான் மேடா வச்சு நகருவீங்களாம்மா?" என்று கேட்டதும், நான் ஏதோ ஜோசியம் சொன்ன மாதிரிப் பார்த்தார். மலையில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஈர மண், சின்னச் சின்னக் கல், முள். தோலில் கீறல் விழுந்து, அதன் வழியாகக் கிருமி பைக்குள் போய்விடும்.

பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு இதே நோய் வந்தது. 'பீட் நீ' என்று பெயர் வைத்து, வேலையால் வரும் நோய்ப் பட்டியலில் சேர்த்து, உதவித்தொகைக்கும் வழி செய்தார்கள். நம் டைல்ஸ்காரருக்கு முட்டி வீங்கினால் அன்றைய கூலி போகிறது.

"நான் தறிக்காரன். முட்டியே போடுறதில்லை. எனக்கும் இந்த மாதிரி வருமா?"

முட்டியில் வராது, உட்காரும் இடத்தில் வரும். பிட்டத்தின் அடியில், உட்காரும் எலும்பின் மேலும் ஒரு பர்சா உண்டு. பலகைமேல் மணிக்கணக்காக உட்கார்ந்து நெய்பவர்களுக்கு அது வீங்குவதைப் பார்த்து 'வீவர்ஸ் பாட்டம்' என்றே பெயர் வைத்தார்கள். அம்மாபேட்டையிலோ குகையிலோ குழித்தறியில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நான்காக மடித்த போர்வை ஒன்றைப் பலகையில் போட்டாலே பாதி வலி குறையும். கொலுசுப் பட்டறைக்காரர்கள் சம்மணமிட்டு உட்காருவதால் அவர்களுக்குக் கணுக்காலின் வெளிப்பக்க எலும்பின் மேல் மெத்தென்று ஒரு வீக்கம் வரும். பெயர்தான் வேறு, சமாச்சாரம் ஒன்றே.

"காய்ச்சல் அடிக்குது, முட்டி செவந்து கொதிக்குது. மாத்திரை போட்டுப் பார்க்கலாமா?"

பார்க்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

தோலுக்கு நேர் அடியில் இருப்பதால் இந்தப் பையில் கிருமி புகுவது சுலபம். முட்டியிலும் முழங்கையிலும் வரும் பர்சைட்டிஸில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கிருமியால் வருவது. பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா, நம் தோலிலேயே குடியிருப்பது. வீக்கம் சிவந்து, தொட்டால் அடுப்புப் பக்கம் கை வைத்ததுபோலச் சுட்டால், சிவப்பு நாளுக்கு நாள் பரவினால், காய்ச்சலோ குளிரோ இருந்தால், முட்டியில் கீறல், கொப்புளம், சீழ் தெரிந்தால், அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். சர்க்கரை உள்ளவர்களும், வேறு நோய்க்கு ஸ்டீராய்டு எடுப்பவர்களும், தினமும் குடிப்பவர்களும் காய்ச்சல் வரும்வரை காத்திருக்கவே வேண்டாம். கிருமி இருந்தும் காய்ச்சல் வராமல் போவது உண்டு.

டாக்டர் ஊசியால் கொஞ்சம் நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை பொதுவான ஆன்டிபயாடிக் தொடங்கிவிடுவார். பொதுவாக இரண்டு வாரம் போல மருந்து இருக்கும். நாலாம் நாள் வலி குறைந்ததும் மீதி மாத்திரையை அலமாரியில் வைத்துவிட்டு டைல்ஸ் ஒட்டப் போனவர், அடுத்த முறை படுக்கையில் சேர்ந்து நரம்பு வழியாக மருந்து ஏற்றிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. மலையில் இருப்பவர்கள் முதலில் ஏற்காடு அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். கடும் காய்ச்சலோடு 20 கொண்டை ஊசி வளைவையும் பைக்கின் பின்னால் உட்கார்ந்து இறங்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள்.

"எண்ணெய் போட்டு உருவி விட்டா கரைஞ்சிடும்ங்கிறாங்களே?"

கரையாது. உருவுவது என்பது ஏற்கெனவே உராய்ந்து புண்ணான பையை மேலும் உராய்வது. உள்ளே கிருமி இருந்தால் அதைச் சுற்றிலும் பரப்பிவிடும். இறுக்கமாகப் பச்சிலைக் கட்டுப் போட்டு வாரக்கணக்கில் வைப்பதும் வேண்டாம். அடியில் தோல் வெந்து புண்ணானால் வெளியே தெரியாது. எருக்கிலையை வாட்டி வைப்பது பல வீடுகளில் நடக்கிறது. எருக்கம்பால் தோலை அரிக்கும். அந்த அரிப்பில் தோல் உரிந்தால் கிருமிக்கு வாசல் திறந்த மாதிரி. எண்ணெய் தடவாமல் இருக்க மனது கேட்காவிட்டால், அழுத்தாமல் மேலாகத் தடவிக்கொள்ளுங்கள். மனசுக்கு இதம், முட்டிக்கு நஷ்டமில்லை.

"அப்போ வீட்டுல என்னதான் செய்யறது? சுடு ஒத்தடமா, ஐஸா?"

சிவப்பு, காய்ச்சல், புண் எதுவும் இல்லை என்றால் மட்டும் வீட்டு வைத்தியம். முதல் வேலை முட்டியைத் தரையில் வைக்காமல் இருப்பது. இதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

முதல் சில நாட்களுக்கு ஐஸ். ஃப்ரிட்ஜ் ஐஸ்கட்டியைத் துண்டில் சுற்றி 15 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. ஐஸை நேரடியாகத் தோலில் வைத்தால் தோல் வெந்துபோகும், ஆமாம், ஐஸிலும் வேகும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் பானைத் தண்ணீரில் நனைத்த துணி போதும். உட்காரும்போது காலைத் தலையணைமேல் தூக்கி வையுங்கள். கிரேப் பேண்டேஜை மிதமாகச் சுற்றலாம். பாதம் மரத்தாலோ நிறம் மாறினாலோ அவிழ்த்துவிடுங்கள். இரவில் கழற்றிவிட வேண்டும். பழைய வீக்கமாகி, சூடும் சிவப்பும் இல்லாமல் இறுகிக் கிடந்தால் சுடு ஒத்தடம் கொடுப்பதில் தவறில்லை.

"மெடிக்கல்ல கேட்டா வலி மாத்திரை தர்றாங்க. சாப்பிடலாமா?"

பாராசிட்டமால் வலியைக் குறைக்கும், வீக்கத்தை அல்ல. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகைகள் இரண்டையும் குறைக்கும். ஆனால் வயிற்றுப் புண், கிட்னி கோளாறு, இதய நோய், பிரஷர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. மற்றவர்களும் சாப்பிட்ட பிறகு, சில நாள் மட்டும். டைக்ளோஃபினாக் ஜெல்லை மேலே தடவுவதில் ஆபத்து குறைவு. சந்தையில் விற்கும் பெயர் இல்லாத மூட்டுவலிப் பொட்டலம் வேண்டவே வேண்டாம். ஒரே நாளில் வலி மாயமாகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

"ஊசி போட்டு நீரை உறிஞ்சி எடுத்துட்டா ஒரேயடியா சரியாயிடுமா?"

நீரை எடுத்த அன்று சரியாகும். அடுத்த வாரம் மறுபடி மண்டியிட்டால் மறுபடி நிறையும், சுரக்கும் சுவர் அங்கேயேதானே இருக்கிறது. ஒவ்வொரு முறை ஊசி குத்தும்போதும் கிருமி உள்ளே போகும் வாய்ப்பு கொஞ்சம் உண்டு. கிருமி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவும், இறுக்கமும் வலியும் தாங்க முடியாதபோதும் எடுப்பார்கள். ஸ்டீராய்டு ஊசியை, கிருமி இல்லை என்று உறுதியான பிறகுதான் யோசிப்பார்கள். இந்த இடத்தில் தோல் மெல்லியது என்பதால் பல டாக்டர்கள் அதைக்கூடத் தவிர்ப்பார்கள். ஷேவிங் பிளேடால் கீறி நீரை வெளியே விட்டதாகச் சொன்ன ஒருவரைத் திட்டி அனுப்பியிருக்கிறேன்.

ஆபரேஷன் வெகு சிலருக்குத்தான். மாதக்கணக்கில் தீராமல், பை தடித்துப்போய், திரும்பத் திரும்பக் கிருமி வந்தால் பையையே எடுத்துவிடுவார்கள். எடுத்த பிறகும் முட்டி மடங்கும், நடக்கலாம்.

"எத்தனை நாள்ல வேலைக்குப் போகலாம்?"

அழுத்தத்தை நிறுத்தினால் இரண்டு முதல் ஆறு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். தினக்கூலிக்காரரிடம் ஆறு வாரம் என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால் நான் "வேலைக்குப் போகாதீங்க" என்று சொல்வதில்லை, "முட்டி போடாத வேலைக்குப் போங்க" என்பேன். டைல்ஸ்காரர் என்றால் சுவர் டைல்ஸ், கட்டிங் மெஷின், கலவை. தோட்டத்தில் என்றால் களையை விட்டு, பறிப்புக்கோ காய வைக்கும் களத்துக்கோ மாற்றச் சொல்லி மேஸ்திரியிடம் கேளுங்கள். கேட்டால் மாற்றித்தரும் மேஸ்திரிகளும் இருக்கிறார்கள்.

"மெடிக்கல்ல வாங்கின நீ கேப் போட்டுக்கிட்டுத்தான் வேலை செய்யறேன். அப்புறமும் ஏன் வீங்குது?"

அந்த எலாஸ்டிக் நீ கேப் முட்டியைப் பிடித்துக்கொள்ளும், மெத்தையாக இருக்காது. தரைக்கும் சில்லுக்கும் நடுவில் ஒரு பனியன் துணி தடிமன்தான் கிடைக்கிறது. உங்களுக்கு வேண்டியது நீ பேடு, ஹார்டுவேர் கடையில் கிடைப்பது. கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்; அடித்தளம் விரலுக்குத் தட்டுப்பட்டால் வாங்காதீர்கள். உள்ளே ஜெல்லோ தடித்த ஃபோமோ இருக்க வேண்டும். வெளியே கெட்டிப் பிளாஸ்டிக் ஓடு உள்ளது கரடுமுரடான தளத்துக்கு நல்லது; பளபளப்பான டைல்ஸ் மேல் கீறும், வழுக்கும், அங்கே ரப்பர் முகம் சரி. பட்டை ஒன்று தொடையிலும் ஒன்று கெண்டைக்காலிலும் வர வேண்டும். முட்டிக்குப் பின்குழியில் இறுக்குகிற பட்டையை யாரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்க மாட்டார்கள், கழற்றி மூலையில் எறிவார்கள்.

தினமும் உள்ளே தட்டிவிடுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே இருந்தால் பேடே எமன். வியர்வை ஊறியதைத் துவைத்துக் காயவைக்காவிட்டால் தோலில் கொப்புளம் வரும்.

காசு இல்லாதபோது: பழைய ஹவாய் செருப்பு இரண்டின் அடிப்பகுதியை வெட்டி, சாக்குத் துணியில் வைத்துத் தைத்து முட்டியில் கட்டிக்கொள்ளும் ஒருவரை எனக்குத் தெரியும். அட்டையைவிட ஆயிரம் மடங்கு மேல். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து காலை நீட்டுங்கள், முட்டியை மாற்றிப் போடுங்கள். குட்டையான மணைப்பலகையில் உட்கார்ந்து செய்ய முடிகிற வேலையை முட்டியில் செய்யாதீர்கள்.

வீட்டில் என் அம்மாவோடு நடந்த சண்டையையும் சொல்லிவிடுகிறேன். குச்சி வைத்த மாப் வாங்கிக் கொடுத்தேன். "நின்னுக்கிட்டுத் துடைச்சா மூலை சுத்தமாவாது" என்று அதைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டார். குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான், மூலை அழுக்காகத்தான் இருந்தது. கடைசியில் ஒப்பந்தம்: நடுக்கூடம் மாப்பில், மூலை மட்டும் தலையணை போட்டு முட்டியில்.

"கோயில், சர்ச், தொழுகை எல்லாம் விட்டுடணுமா?"

விட வேண்டாம், வலி இருக்கும் வாரங்களில் மாற்றிக்கொள்ளுங்கள். சர்ச்சில் உட்கார்ந்து ஜெபிக்கலாம். முழந்தாளிட்டே ஆக வேண்டும் என்றால் மெத்தை வைத்த பலகையில். நோயுற்றவர் நாற்காலியில் அமர்ந்து தொழ அனுமதி உண்டு. வேளாங்கண்ணிக்குப் போய் மணல் பாதையில் முழங்காலால் நடக்கும் நேர்ச்சை இருந்தால், சர்க்கரை உள்ளவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். மணல் கீறிய முட்டியோடு ஊர் திரும்பிப் புண்ணாகி வந்தவர்கள் உண்டு. யோகாவில் வஜ்ராசனமும் உஷ்ட்ராசனமும் வீக்கம் வடியும்வரை கூடாது. குத்துக்காலிட்டு உட்காருவதில் முட்டி தரையில் படாது, ஆனால் தோல் இழுபடும். வலித்தால் தவிர்க்கலாம்.

"ஸ்கூல்ல பையனை முட்டி போட வச்சாங்க, இப்போ முட்டிக்குக் கீழே புடைப்பா இருக்கு. இதுவா?"

பத்து முதல் பதினைந்து வயதுக்குள், சில்லுக்குக் கீழே கால் எலும்பின் மேட்டில் கெட்டியான புடைப்பு, ஓடினால் குதித்தால் வலி என்றால் அது பெரும்பாலும் ஆஸ்குட் ஷ்லாட்டர் எனப்படும் வளர்பருவத் தொல்லை. விளையாட்டால் வருவது, வளர்ச்சி முடியும்போது அடங்கும். ஆனால் அந்த மேட்டின் மேல் முட்டி போடச் சொன்னால் பிள்ளைக்கு நரகம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, பள்ளியில் உடல் ரீதியான தண்டனையைத் தடை செய்கிறது. இதை ஆசிரியரிடம் மரியாதையாகவே சொல்லலாம்.

"உடற்பயிற்சி ஏதாவது?"

வீக்கம் தணிந்ததும். காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்குப் பின்னால் சுருட்டிய துண்டை வைத்து, அதை அமுக்குவதுபோலத் தொடையை இறுக்கி ஐந்து எண்ணும்வரை பிடியுங்கள். பத்து முறை, காலையும் மாலையும். பிறகு மல்லாந்து படுத்து, காலை மடக்காமல் ஒரு அடி உயரம் தூக்கி இறக்குவது. படுத்துக் கிடந்த வாரங்களில் தொடைச் சதை இளைத்திருக்கும், அதைத் திரும்பப் பெறத்தான் இது.

"வீக்கம் போயிடுச்சு. முட்டித் தோல் மட்டும் கருப்பா, தடிச்சு இருக்கு. அது போகுமா?"

போகும், மெதுவாக. அழுத்தம் நின்றால் தோல் தன் தடிப்பைத் தானே குறைத்துக்கொள்ளும், சில மாதங்கள் ஆகும். குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெயோ யூரியா கலந்த க்ரீமோ தடவினால் மென்மையாகும். பாதம் தேய்க்கும் கல்லை வைத்துப் பரபரவென்று தேய்க்காதீர்கள், மறுபடி அதே உராய்வுதான்.

அம்மாவின் வலது முட்டி இப்போது நன்றாக வெளுத்துவிட்டது. இடது முட்டியில் அந்தக் கருப்பு வட்டம் அப்படியே இருக்கிறது. மூலை துடைக்க ஒரே ஒரு தலையணையைத்தான் எடுத்துப் போகிறார் போலிருக்கிறது.